பல் வைத்தியர் கண்ட சபை

கிறிஸ்து சமய வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோபுரங்களையும் பேராயர்களையும் மகாசங்கங்களையுமே விரித்துரைப்பர். ஒரு வீட்டின் முன்னறையிலே பத்துப் பேர் கூடி அப்பத்தைப் பிட்டுப் பகிர்ந்துண்ட செய்திக்கு அவ்வரலாறுகளின் ஓரத்திலேதான் இடம் கிடைக்கும். ஆயினும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் அவ்வண்ணம் கூடிய ஒரு சிலரிடமிருந்து எழுந்த இயக்கம் பல தேசங்களுக்கும் பரவிற்று. பின்னாளிற் பிளிமத் சகோதரர் எனப் பெயர்பெற்ற அக்கூட்டத்தாரின் தொடக்கத்துக்குக் காரணராயிருந்தவர்களுள் அந்தோனி நொரிஸ் குறோவ்ஸ் என்பவர் முக்கியமானவர். தொழிலால் அவர் பல் வைத்தியர்.

1795ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹம்ப்ஷயர் பகுதியிற் பிறந்த குறோவ்ஸ், இலண்டனிலே தம் மாமனிடம் தொழில் கற்று, பத்தொன்பது வயதிற் பிளிமத் நகரில் வைத்தியசாலை திறந்தார். 1816இல் உறவுப் பெண்ணாகிய மேரியை மணந்து, பின்னர் எக்சிற்றர் நகருக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருடைய வருவாய் ஆண்டுக்கு ஆயிரம் பவுணைக் கடந்தது. அக்காலத்தில் அது செல்வர்க்குரிய வருவாயாகும். கணவனும் மனைவியும் முதலிற் பத்தில் ஒரு பங்கை ஏழைகளுக்குக் கொடுத்தனர். பின்னர் நாலில் ஒரு பங்கு. அதன் பின்னர் தேவைக்கு மேற்பட்டது முழுவதும். பூமியிலே பொக்கிஷம் சேர்த்தலாகாது என்னும் கிறிஸ்துவின் கட்டளையை எழுத்துப்படியே கைக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தி 1825இல் அவர் ஒரு சிறு நூலும் வெளியிட்டார். அந்நூல் எவரையெல்லாம் தொட்டது என்பதற்கு ஜோர்ஜ் முல்லர் ஒருவரே போதும். பிற்காலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அநாதைப் பிள்ளைகளை வளர்த்த முல்லர், 1830இல் குறோவ்ஸின் சகோதரியை மணந்தார்.

கீழ்த்திசை நாடொன்றில் சமயத்தொண்டு செய்தல் குறோவ்ஸின் நெடுநாள் ஆசை. அதற்குக் குருப்பட்டம் வேண்டும் எனக் கருதி, டப்ளினிலுள்ள திரித்துவக் கல்லூரியிற் பரீட்சைகளுக்குத் தோற்றச் சென்று வந்தார். அவ்வூரிலேதான் பல சபைகளையும் சேர்ந்த சில நண்பர்கள் வீடுகளிற் கூடி வேதம் வாசிப்பதைக் கண்டார். ஒன்றாக வாசிப்போர் ஒன்றாக இராப்போசனம் கொள்ள முடியாதிருந்தது. ஒவ்வொருவரும் தத்தம் ஆலயத்துக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1827ஆம் ஆண்டளவில் குறோவ்ஸ் தம் எண்ணத்தை அவர்களுக்குத் தெரிவித்தார்: விசுவாசிகள் குருவை எதிர்பாராமல், ஞாயிறுதோறும் தாமே கூடி அப்பம் பிட்கலாம், ஆதி அப்போஸ்தலர் காலத்து வழக்கம் அதுவே.

அவ்வாண்டில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். டப்ளின் பயணத்துக்கென்று வைத்திருந்த நாற்பது பவுணை அவர் வீட்டிலே திருடர் கவர்ந்து சென்றனர். இதனைத் தெய்வச் சித்தமெனக் கொண்டு குறோவ்ஸ் படிப்பை நிறுத்தினார். திருச்சபை வரலாற்றில் திருடனுக்கும் ஒரு பங்கு உண்டு போலும்! குருப்பட்டமின்றித் தொண்டராகச் செல்லலாமென அவர் எண்ணியபோது, பட்டம் பெறாதவர் இராப்போசனம் வழங்க முடியாது என மிஷன் சங்கத்தார் கூறினர். கிறிஸ்துவின் கட்டளைக்குக் கீழ்ப்படிய மனிதரின் உத்தரவு எதற்கு என்ற வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நிலையான சம்பளமில்லை, சங்கத்தின் ஆதரவில்லை, கேட்பது கடவுளிடம் மட்டுமே. அவ்வீட்டுச் சபையாரின் கொள்கை முழுவதும் ஏறக்குறைய இவ்வளவில் அடங்கும். வரம் பெற்ற எவரும் எழுந்து பேசலாம் என்பதையும், கிறிஸ்துவின் வருகை அண்மையிலுள்ளது என்னும் எதிர்பார்ப்பையும் இத்துடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

1829 ஜூன் மாதத்தில் குடும்பத்துடன் புறப்பட்ட குறோவ்ஸ், கப்பலிற் பீற்றர்ஸ்பேர்க் சென்று, ருஷ்ய நாட்டை வண்டியிற் கடந்து, டிசம்பரிற் பக்தாத்தை அடைந்தார். பிள்ளைகளுக்கு ஆசிரியராகச் சென்றவர் ஜோன் கிற்றோ என்னும் இளைஞர். ஏணியிலிருந்து வீழ்ந்து செவிப்புலனை இழந்து, பிளிமத் அநாதர் விடுதியில் வளர்ந்த அவரைப் பல்வைத்தியம் கற்கவென வீட்டில் ஏற்றவர் குறோவ்ஸே. அந்த இளைஞர் பின்னாளிற் பெயர்பெற்ற வேத ஆராய்ச்சியாளரானார்.

பக்தாத்தில் ஒரு பாடசாலை நடந்தது. 1831இன் வசந்த காலத்திலே கொள்ளைநோய் புகுந்தது. அதே வேளையில் டைகிரிஸ் நதி பெருகி மதிலை உடைத்தது. ஓரிரவில் ஆயிரக்கணக்கான வீடுகள் சரிந்தன. நகரத்தார் பெருந்தொகையாக மாண்டனர். ஓடிவிட வழியிருந்தும் குறோவ்ஸ் குடும்பத்தார் தங்கினர். மே மாதம் மேரி இறந்தார். சில மாதங்களின் பின் கைக்குழந்தையும் இறந்தது. தொடக்கத்தில் இப்பயணத்தை விரும்பாதிருந்து பின்னர் மனமொப்பி வந்தவர் மேரி என்பதை எண்ணும்போது, கணவரின் உறுதியை வியப்பதோடு நிறுத்திக்கொள்ள என்னால் இயலவில்லை. அவ்வுறுதிக்குரிய விலையை முதலிற் கொடுத்தவர் அவரே. டப்ளினிலிருந்து துணைக்குப் புறப்பட்ட நண்பர்கள் வந்து சேர்ந்ததோ 1832இல்.

1833இல் இந்தியாவுக்கு வந்த குறோவ்ஸ் திருநெல்வேலியிலே இரேனியுசைச் சந்தித்தார். 'பூமிசாஸ்திரம்' எழுதிய அந்த ஜேர்மன் பாதிரியாரைத் தமிழ் உரைநடை வரலாறு கற்றோர் அறிவர். குருப்பட்டம் பற்றிய பிணக்கினால் இரேனியுஸ் 1835இல் தம் சங்கத்தை விட்டு விலக்கப்பட்டபோது, குறோவ்ஸ் அவர் பக்கம் நின்றார். அவரிடம் பயின்ற அருளப்பன் என்னும் தமிழர் குறோவ்ஸுக்கு உற்ற தோழரானார்.

இதற்கிடையே இங்கிலாந்திற் கூட்டத்தாரின் போக்கு மாறிக்கொண்டிருந்தது. அவர்களுள் தலையெடுத்த டார்பி, பிழையான உபதேசமுடையோரினின்று பிரிந்து நிற்பதே தூய்மை என்றார். 1836இல் குறோவ்ஸ் அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒத்த கருத்தினால் அன்று, கிறிஸ்துவிற் பெற்ற ஒரே உயிரினாலேயே உறவு அமைய வேண்டும். எதனை எதிர்க்கின்றோம் என்பதனாலே அறியப்படும் கூட்டமாகி விடுவோம் என்பது அதன் சாரம். அவர் எழுதியவற்றுள் இதனையே நான் மேலாக மதிக்கின்றேன்.

சித்தூரில் அவர் கழித்த ஆண்டுகள் துயரமானவை. தொண்டர் தம் கையால் உழைத்துண்ண வேண்டும் என்று கருதி நிலம் எடுத்தார், பட்டுப்புழு வளர்த்தார். தொழில் நொடித்தது, கடன் நெடுங்காலம் வருத்தியது. ஆனால் அதே கருத்தை அருளப்பன் மண்ணறிந்து நடத்தினார். 1840இல் அவர் அமைத்த கிறிஸ்தியான்பேட்டையில் மிஷன் சங்கத்தின் சம்பளமில்லாமலே உள்ளூரார் உழைத்து, கூடி, சுற்றுப்புறங்களிற் போதித்தனர்.

1848இல் டார்பி, பிறிஸ்ரல் நகரிலுள்ள பெதஸ்தா சபையோடு எவரும் ஐக்கியம் கொள்ளலாகாது என அறிவித்தார். அச்சபையின் தலைவர்கள் இருவர்: ஒருவர் முல்லர், மற்றவர் முன்னர் குறோவ்ஸின் வீட்டிற் பிள்ளைகளுக்கு ஆசிரியராயிருந்த கிறெய்க். ஒரே அப்பத்தைப் பிட்க எவருடைய உத்தரவும் வேண்டாம் என்று தொடங்கியவர்கள், இரண்டு கூட்டமாயினர். குறோவ்ஸ் பிளவை ஏற்காதோர் பக்கமே நின்றார்.

நோயுற்று 1852இல் இங்கிலாந்து திரும்பிய அவர், 1853 மே 20ஆம் திகதி பிறிஸ்ரலில் முல்லரின் இல்லத்தில் உயிர்நீத்தார். ஏழாண்டுகளின் பின், 1860இல், திருநெல்வேலிப் பகுதியில் அருளப்பனைச் சூழ்ந்து ஒரு பெரும் பக்தி எழுச்சி உண்டாயிற்று. 1867இல் இறக்கும்வரை அருளப்பன் எச்சங்கத்திலும் சம்பளம் பெறவில்லை.