வேதநாயகம் சாமுவேல் அசரியா

வேதநாயகம் சாமுவேல் அசரியா (ஆகஸ்ட் 17, 1874 - ஜனவரி 1, 1945) ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயராக அருட்பொழிவு பெற்ற முதல் இந்தியர் ஆவார். தமிழரான இவர் தெலுங்கு மக்கள் வாழும் தோர்ணக்கல் திருமண்டலத்தின் பேராயராக 32 ஆண்டுகள் பணியாற்றினார். பிறர் அனுப்பும் பணத்தையும் ஆட்களையும் நம்பியிருக்கும் சபை சீடத்துவத்தை முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பது இவரது நிலைப்பாடாகும்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்கு அண்மையிலுள்ள வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தாமஸ் வேதநாயகம் அவ்வூர்ச் சபையின் குருவானவர். 1889-இல் அவர் இறந்தபின் தாயார் எல்லனின் பராமரிப்பில் வளர்ந்தார். மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்றபின், அப்போது சென்னைத் துறைமுகத்தையடுத்த ஜார்ஜ் டவுன் பகுதியில் இயங்கிவந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னாளில் புகழ்பெற்ற கே. டி. பால் இங்கு இவருக்கு நண்பரானார். இறுதித் தேர்வு வேளையில் நோயுற்றதால் அசரியா பட்டம் பெறவில்லை. இவருக்கே 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது.

1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். வரதட்சணை பெற மறுத்து நடத்திய எளிய திருமணம் அது. தோர்ணக்கல் பெண்களிடையே நடைபெற்ற பணியில் அன்பு மரியம்மாளின் பங்கு பெரிது. எனினும் வரலாற்று நூல்களில் அது சுருக்கமாகவே பேசப்படுகிறது.

மிஷனெரி சங்கங்கள்

1895 முதல் ஒய். எம். சி. ஏ. அமைப்பின் செயலராகத் தென்னிந்தியா முழுவதும் பயணம் செய்தார். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறித்தவர்கள் தம் சொந்தச் செலவில் நற்செய்திப் பணி நடத்துவதைக் கண்டார். வெளிநாட்டு மிஷனெரிமார் தொண்டாற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் திருநெல்வேலிச் சபை தன் எல்லைக்கு வெளியே ஒருவரையும் அனுப்பவில்லையே என்ற எண்ணம் அவரை வருத்தியது. இதன் விளைவாகப் பாளையங்கோட்டையில் 1903 பிப்ரவரியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்திய நிருவாகம் என்பது அதன் விதி. 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் உருவான தேசிய மிஷனெரி சங்கத்தைத் தோற்றுவித்தவர்களிலும் இவர் ஒருவர்.

பிறரை அனுப்பியதோடு அவர் நின்றுவிடவில்லை. 1909-இல் ஒய். எம். சி. ஏ. பதவியை விட்டுக் குருத்துவப் பணியேற்று, ஐதராபாத் நிசாமின் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல்லுக்குத் தாமே சென்று தெலுங்கு கற்றார்.

எடின்பரோ உரை

1910-இல் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு நடைபெற்றது. வந்திருந்த சுமார் 1,200 பேராளர்களில் ஆசியர் இருபதுக்கும் குறைவானவரே. வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையேயான ஒத்துழைப்பைப் பற்றிப் பேச அசரியா அழைக்கப்பட்டிருந்தார். மிஷனெரிமாரின் தியாகத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் உடன் உழைத்த இந்தியரைத் தம் வீட்டு உணவு மேசைக்கு அழைக்காத வழக்கத்தை வெளிப்படையாக எடுத்துரைத்தார். உதவி போதாது, நட்பு வேண்டும் என்பதே உரையின் சாரம். அவையில் பலர் மனம் புண்பட்டனர். தம்மை அழைத்தவர்களின் முன்னிலையிலேயே இதைக் கூறிய அவரது துணிவு இன்றும் திருச்சபை வரலாற்றாசிரியர்களால் நினைவுகூரப்படுகிறது.

தோர்ணக்கல் பேராயர்

1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் பேராயராக அருட்பொழிவு பெற்றார். ஐரோப்பிய ஊழியருக்கு மேல் இந்தியர் ஒருவர் அதிகாரம் செலுத்துவதை விரும்பாத மிஷனெரிமார் எதிர்த்தனர். இந்தியக் கிறித்தவர்களிலும் ஐயுற்றோர் இருந்தனர். சென்னைப் பேராயர் ஒயிட்ஹெட் இவருக்குத் துணைநின்றார். அசரியா இறக்கும் வரை ஆங்கிலிக்கன் திருமண்டலம் ஒன்றின் தலைமைப் பொறுப்பில் வேறு இந்தியர் எவரும் அமர்த்தப்படவில்லை.

திருமண்டலத்தில் திருமுழுக்குப் பெற்றவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்தினர். ஒருவரோடொருவர் உண்ணாத இவ்விரு பிரிவினரும் சபைக்குள் ஒன்றாக வாழவேண்டும் என வலியுறுத்தினார். இதில் வெற்றி முழுமையானதன்று. சாதி வேறுபாடு சபைகளில் தொடர்ந்தே வந்தது. வறியவர்களாயினும் சபைக்குத் தம்மால் இயன்றதைக் கொடுக்க வேண்டும் என்று கற்பித்தார். கிறித்தவக் காணிக்கை குறித்துத் தனி நூலும் எழுதினார். திருமுழுக்குப் பெற்றோர் தலைமேல் கைவைத்து, நற்செய்தியைப் பிறருக்கு அறிவிப்பதாக உறுதி கூறும் வழக்கத்தை ஏற்படுத்தினார்.

கோயில் தூண்களின் அமைப்பும் இசுலாமியக் கட்டடக்கலையின் கூறுகளும் இணைந்த தோர்ணக்கல் பேராலயம் 1939 சனவரி 6 அன்று அருட்பொழிவு செய்யப்பட்டது.

காந்தியும் அசரியாவும்

ஒடுக்கப்பட்டோரின் கூட்டு மதமாற்றத்தை 1930-களில் காந்தி கடுமையாக விமர்சித்தார். எளிய மக்களின் ஆன்மிகத் தேடலும் உண்மையானதே என்று அசரியா வாதிட்டார். ஆயினும் கிறித்தவர்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி வழங்கப்படுவதை எதிர்த்தவர் இவர். அவ்வகையில் காந்தியின் நிலைப்பாட்டுக்கு நெருக்கமானவர்.

திருச்சபை ஒன்றிப்பு

1919 மே மாதம் தரங்கம்பாடியில் கூடிய ஆங்கிலிக்கன் மற்றும் தென்னிந்திய ஐக்கிய திருச்சபைக் குருமார், பிரிந்து கிடக்கும் சபைகள் இணையவேண்டும் என்று அறிக்கை வெளியிட்டனர். அதன் முன்னோடிகளுள் அசரியாவும் ஒருவர். 1945 சனவரி 1 அன்று தோர்ணக்கல்லில் காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வறிக்கையின் பயனாகத் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தொடங்கப்பெற்றது.