சிலேட்டில் அழித்த கணக்கு

கணித மேதை ராமானுஜன்னு சொன்னாலே தப்பே செய்யாதவர்னு நினைப்போம். அவர் வாழ்க்கையைப் படிச்ச பிறகு நான் அப்படி நினைக்கிறதில்லை.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அப்பா புடவைக்கடை குமாஸ்தா. கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடங்களைக் கோட்டை விட்டதால் கல்லூரி உதவித்தொகை போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார்.

காகிதம் வாங்கக் காசில்லை. சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழிச்சு, விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். வழி அழிஞ்சு போனதால் எங்கே பிசகினது என்று தெரியாது. 1913-ல் இங்கிலாந்துப் பேராசிரியர் ஹார்டிக்குத் துணிஞ்சு கடிதம் போட்டார். அதில் 2, 3, 5, 7 போன்ற பகா எண்களைப் பற்றி எழுதியது தப்பு. ஹார்டி கடிதத்தைத் தூக்கிப் போடவில்லை. மற்றவற்றின் அருமை தெரிஞ்சு, வழியை எழுதி அனுப்பச் சொன்னார். 1914-ல் அங்கேயே வரவழைத்தார். வழியோடு நிரூபிக்க ராமானுஜன் அங்கேதான் பழகினார். 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார்.

நம்ம உத்திரமேரூர் பக்கம் குழுக்களில், தப்பாயிடுமோன்னு ரொக்கப் புத்தகத்தையே தொடாத அக்காக்கள் உண்டு. தப்பான தொகையை அழிக்காம, ஒரே கோடா அடிச்சுப் பக்கத்தில் சரியானதை எழுதினால் போதும். அடிச்சது கண்ணுக்குத் தெரியணும். சிலேட்டில் அதுக்கு இடமில்லை.

1920-ல், 32 வயதில் இறந்துட்டார். அவர் நோட்டுகளுக்கு வழி எழுதிப் பார்க்க அறிஞர்களுக்குப் பல வருஷம் பிடிச்சது. பெரும்பாலும் சரி, சிலது தப்பு.