ஒட்டகக்காரர் பெஜா

காந்தி, காமராசர் பற்றி எல்லாரும் எழுதிட்டாங்க. நான் ஒட்டகம் ஓட்டிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். எங்க சின்ன மாமா சவுதியில் ஒட்டகம் மேய்க்கிறார். ஊருக்கு வந்து மூணு வருசம் ஆச்சு. அதனால்தான் இவரைத் தேடிப் படித்தேன்.

பெஜா தெர்வேஷ் 1862 வாக்கில் பலுசிஸ்தானில் பிறந்தார். வெள்ளைக்காரர் காலத்து இந்திய ராணுவத்தில் இருந்தார். 1890 வாக்கில் கப்பலேறி ஆஸ்திரேலியா போனார். அந்த நாட்டின் நடுப்பகுதி பாலைவனம். குதிரையும் மாடும் அங்கே தண்ணியில்லாமல் செத்துப்போகும். அதனால் ஒட்டகங்களையும் அதைப் பழக்கத் தெரிந்தவர்களையும் நம்ம பக்கத்திலிருந்து கூட்டிட்டுப் போனாங்க. அவர்கள் எந்த ஊர்க்காரர் என்றாலும் ஆப்கான் என்றுதான் அங்கே பெயர். வடக்கே போனால் நம்ம எல்லாரையும் மதராசி என்கிற மாதிரி!

1896இல் லாரன்ஸ் வெல்ஸ் என்ற அதிகாரி பெரிய மணல் பாலைவனத்தைக் கடக்கக் கிளம்பினார். மொத்தம் ஏழு பேர், 20 ஒட்டகங்கள். ஒட்டகப் பொறுப்பு பெஜாவிடம். சித்திரை மாசம் மத்தியானம் வைகை மணலில் செருப்பில்லாமல் நின்னு பாருங்க, அந்தச் சூடு புரியும். ஒரு மணல்மேடு ஏறி இறங்கினால் அடுத்த மேடு. வழியில் இரண்டு பேர் தனியாகப் பிரிந்து போனார்கள். ஜோனா ஊற்று என்ற இடத்தில் எல்லாரும் சேரணும் என்று பேச்சு. ஆனால் அந்த ஊற்று வரைபடத்தில் தப்பான இடத்தில் குறிக்கப்பட்டிருந்தது! வெல்ஸ் கூட்டத்துக்கு ஊற்று கிடைக்கவில்லை. சாமான்களைப் போட்டுவிட்டு, ராத்திரியில் நடந்து, நவம்பரில் பிட்ஸ்ராய் ஆற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். சில ஒட்டகங்கள் செத்தன. மிச்சத்தைப் பெஜா காப்பாற்றியதால்தான் மனுசங்களும் பிழைத்தார்கள். பிரிந்து போன இருவரின் உடல்கள் 1897 மே மாதம்தான் கிடைத்தன.

வெல்ஸ் தன் திசைகாட்டியைப் பெஜாவுக்குக் கொடுத்தார். ஒரு குன்றுக்கும் அவர் பெயரை வைத்தார். குன்றுக்குப் பெயர் கிடைத்தது, ஆனால் 1903இல் வந்த சட்டப்படி ஆசியாவில் பிறந்தவர்கள் அங்கே குடியுரிமை வாங்க முடியாது. எனக்கு இதுதான் ரொம்ப உறுத்தியது.

பிறகு மாரி என்ற ரயில் ஊரில் குடியேறினார். (நம்ம மாரியம்மன் மாதிரி பெயர்!) தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் வெள்ளைக்காரர் வீடுகள், மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பழங்குடியினரும். 1909இல் அமீலியா என்ற கணவரை இழந்த பெண்ணைக் கல்யாணம் பண்ணினார். லாரி வந்ததும் ஒட்டகத்துக்கு வேலை போச்சு. 1925இல், அலையும் ஒட்டகங்களைச் சுடலாம் என்று சட்டமே வந்தது. பல ஒட்டகக்காரர்களுக்கு மனசு வராமல் காட்டில் அவிழ்த்துவிட்டார்கள். அதன் வாரிசுகள் இன்னைக்கும் அங்கே திரிகின்றன.

வயசான காலத்தில் பெஜா பேரீச்சை மரம் வளர்த்தார். 1939இல் அவர் மகன் ஜாக், சிம்ப்சன் பாலைவனத்தைக் கடந்த குழுவுக்கு ஒட்டகம் ஓட்டினார். பெஜா 1957இல் காலமானார்.

போன ஞாயிற்றுக்கிழமை மாமா போன் பண்ணினப்போ இதெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், ஒரு பெண் ஒட்டகத்துக்கு எங்க அம்மாச்சி பெயரை வச்சிருக்கிறதா சொன்னார். அம்மாச்சிக்கு இன்னும் தெரியாது. படிச்சவங்க யாரும் போய்ச் சொல்லிடாதீங்க.