நூட் றொக்னி: நொத்ர்தாம் கல்லூரியின் பயிற்றாளர்



உதைபந்தாட்டம் என்றதும் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே உங்கள் நினைவுக்கு வரும். அமெரிக்கர் அப்பெயரால் அழைப்பது வேறொன்று. பந்து முட்டை வடிவானது. அதைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியலாம். எதிரணியினர் ஓடுபவனை மறித்து நிலத்தில் வீழ்த்துவர். இன்று தாக்குவோர் வேறு, தடுப்போர் வேறு எனப் பிரித்துத் தனித்தனிப் பயிற்றாளரை வைத்திருக்கிறார்கள். நாம் இங்கு பேசப்போகும் மனிதரின் நாளிலோ அதே பதினொருவர்தான் தாக்கவும் வேண்டும், காக்கவும் வேண்டும்.

நூட் றொக்னி 1888ம் ஆண்டு மார்ச் 4ம் திகதி நோர்வே நாட்டின் வொஸ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை குதிரை வண்டி செய்யும் தொழிலாளி. அவர் முன்னதாகச் சிக்காகோ சென்றுவிட, 1893ல் குடும்பமும் பின்தொடர்ந்தது. குடும்பத்தின் மதம் லூத்தரன். வறுமை காரணமாக இளைஞர் றொக்னி சில ஆண்டுகள் சிக்காகோ தபாற் கந்தோரில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். 1910ல், தம் 22வது வயதில், இந்தியானா மாநிலத்தின் நொத்ர்தாம் பல்கலைக்கழகத்தில் மாணவனாகச் சேர்ந்தார். திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த சோரின் அடிகளார் 1842ல் நிறுவிய கத்தோலிக்க உயர்கல்விக் கூடம் அது. அங்கே இரசாயனம் படித்து, சிறப்பாகத் தேறி, நியூலண்ட் அடிகளாரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகவும் இருந்தார். செயற்கை இறப்பர் உருவாக வழிவகுத்த அறிஞர் இக்குருவானவர். றொக்னி அந்த ஆய்வுகூடத்திலேயே தங்கியிருந்தால் இன்று அவரை எத்தனை பேர் அறிந்திருப்பர்?

1913ம் ஆண்டு நவம்பர் 1ம் திகதி, அதிகம் அறியப்படாத நொத்ர்தாம் அணி வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரியை 35க்கு 13 என வென்றது. டொறே என்பவர் பந்தை எறிய, றொக்னி ஓடியபடியே பிடித்தார். இம்முறையை அவரே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது தவறு. 1906 முதலே விதிகள் அதை அனுமதித்தன. இவர்கள் கோடை விடுமுறையிற்கூட கடற்கரையில் நின்று பழகினார்கள் என்பதே உண்மை.

1918ல் அவர் தலைமைப் பயிற்றாளரானார். 13 ஆண்டுகளில் 105 வெற்றிகள், 12 தோல்விகள், 5 சமநிலைகள். அவர் கையாண்ட உத்தி ஒன்றைக் கேளுங்கள். முதலில் இரண்டாந்தர அணியையே களத்தில் இறக்குவார். அவர்களோடு மல்லுக்கட்டி எதிரணி களைத்த பின்னரே சிறந்த பதினொருவர் வருவர். காப்பதிலும் அவர் பிள்ளைகள் சளைத்தவர்களல்லர். 1925 ஜனவரி முதலாம் திகதி கலிபோர்ணியாவில் நடந்த ஆட்டத்தில் ஸ்ரான்போட் அணிதான் அதிக தூரம் முன்னேறியது. ஆயினும் அவர்கள் எறிந்த பந்தை லேடன் என்ற நொத்ர்தாம் வீரர் இருமுறை இடையில் பறித்து, எதிர் எல்லைவரை ஓடிப் புள்ளிகள் சேர்த்தார். 27க்கு 10 என ஆட்டம் முடிந்தது.

அக்காலத்தில் கத்தோலிக்கரின் நிலை என்ன? கத்தோலிக்கரையும் யூதரையும் கறுப்பின மக்களையும் பகைத்த கூ குளக்ஸ் கிளான் கூட்டம் இந்தியானாவில் கொடிகட்டிப் பறந்த நாட்கள் அவை. 1924 மே மாதம் சவுத் பென்ட் நகர வீதிகளில் மாணவர்களுக்கும் அக்கூட்டத்தாருக்கும் கைகலப்பே மூண்டது. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த ஐரிஷ், போலந்து, இத்தாலியக் குடும்பங்கள், பல்கலைக்கழக வாசலையே மிதியாதவை, சனிக்கிழமைகளில் அந்த அணியின் வெற்றிச் செய்திக்காகக் காத்திருந்ததன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

ஆனால் அந்த அணியை நடத்தியவரோ கத்தோலிக்கர் அல்லர்! வெளியூர் ஆட்டங்களுக்குச் சென்ற இடங்களில், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு அதிகாலையிலேயே திருப்பலிக்கும் நற்கருணைக்கும் விரையும் தம் பிள்ளைகளைப் பார்த்து அவர் மனம் அசைந்ததாகச் சொல்லப்படுகிறது. எவரும் அவரை வற்புறுத்தவில்லை. 1925 நவம்பர் 20ம் திகதி, பல்கலைக்கழக வளவிலுள்ள மரக்கட்டைச் சிற்றாலயத்தில் மூனி அடிகளார் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். மறுநாள் தம் சிறுவயது மகனோடு சேர்ந்து புதுநன்மை பெற்றார்.

அதனால் அவரைப் புனிதராக்கிவிட வேண்டாம். அடுத்த மாதமே கொலம்பியா பல்கலைக்கழகத்துடன் ஒப்பந்தம் செய்து, பின்னர் அதிலிருந்து விலகிக்கொண்டார். 1922ல் தம் சின்ன மகன் கடும் நோயுற்றிருப்பதாக ஒரு தந்தியை வாசித்து அணியினரைக் கண்கலங்க வைத்தாராம். ஊர் திரும்பியபோது சிறுவன் நலமாக ஓடிவந்தான் என்று ஆட்டக்காரர் பிற்காலத்தில் கூறினர். 1920ல் 25 வயதில் நோயால் இறந்த கிப் என்ற வீரரின் கடைசி வேண்டுகோள் என்று ஒன்றை 1928ல் இராணுவக் கல்லூரிக்கு எதிரான ஆட்டத்தில் சொல்லி, 12க்கு 6 என வென்றதும் உலகறிந்த கதை. அவ்வேண்டுகோளையும் ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். பிள்ளைகளைப் பொய்யால் ஓடவைப்பதைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் 1929ல் நடந்ததைப் பாருங்கள். காலின் இரத்தக் குழாயில் கடும் நோய். உயிராபத்து என்று மருத்துவர் எச்சரித்தனர். புதிய மைதானம் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் ஆட்டங்கள் யாவும் வெளியூரில். றொக்னி சக்கர நாற்காலியிலிருந்தே பயிற்சி கொடுத்தார். அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

1931 மார்ச் 31, பரிசுத்த வாரச் செவ்வாய். ஒரு திரைப்பட வேலைக்காகக் கன்சாஸ் நகரிலிருந்து லொஸ் ஏஞ்சல்ஸ் நோக்கிப் பறந்த விமானம், பசார் என்னும் சிற்றூரருகே வயலில் வீழ்ந்தது. எண்மரும் மாண்டனர். றொக்னிக்கு வயது 43; என்னைப் போன்றோருக்குப் பாதி வேலைகூட முடியாத வயது. மரத்தாலான சிறகு ஈரத்தால் பழுதடைந்து முறிந்ததே காரணம் என்று கண்டனர். அவ்வகை விமானங்கள் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டன. விமானப் பாதுகாப்பு விதிகளும் இறுக்கமாயின.

ஏப்ரல் 4ம் திகதி, பெரிய சனியன்று, பல்கலைக்கழகத் திரு இருதய ஆலயத்தில் இறுதிச் சடங்கு நடைபெற்றது. நோர்வே மன்னரும் தம் பிரதிநிதியை அனுப்பியிருந்தார். மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டுச்சென்ற றொக்னியின் உடல் சவுத் பென்ட் நகரின் ஹைலண்ட் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டது.