கண்டியில் கலாயோகி கண்ட கல்வி

பிள்ளைகளுக்குக் கைப்பழக்கத்தோடு கூடிய விஞ்ஞானமும் கலையும் வேண்டும் என்ற எண்ணம் இந்நாளில் ஆசிரியர் உலகில் வலுப்பெற்று வருகின்றது. காந்தத்தால் இரும்புத்தூளை இழுத்துப் பார்க்கவும், களிமண்ணைப் பிசைந்து உருவம் சமைக்கவும், இலையின் நரம்பைப் பூதக்கண்ணாடியின் கீழ் ஆராயவும் சனி ஞாயிறு தினங்களில் வகுப்புக்கள் நடாத்துவோர் உளர். நல்ல காரியமே. ஆயினும், இவ்வகுப்புக்களை நாம் எவ்விடத்தில் வைத்திருக்கின்றோம்? பாடங்கள் முடிந்தபின், பரீட்சைக்குப் புறம்பாக, விரும்பினோர்க்கு மட்டும் என ஒரு மூலையில் வைத்திருக்கின்றோம். சோற்றுக்கு ஊறுகாய் போன்றதே அவற்றின் நிலை. அவை ஊறுகாயல்ல, சோறே அவைதாம் என்பதை நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் நேரிற் கண்டறிந்தார் ஒருவர். அவரே கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி. அவர்தம் சரிதத்தை இந்த ஒரு நோக்கில் நின்று கூற விழைகின்றேன்.

1877ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22ஆந் தேதி கொழும்பில் அவர் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக் குமாரசுவாமி, யாழ்ப்பாணத்து மரபிற் தோன்றிய சட்ட அறிஞர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863இல் வெளியிட்டவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துக் குமாரசுவாமியின் சகோதரி மைந்தர். தாயார் எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மாது. 1879இல், குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன், தந்தையார் காலமானார். தாயோடு இங்கிலாந்திலிருந்த பிள்ளை அந்நாட்டிலேயே வளர்ந்தது. குளொஸ்டர் மாகாணத்து விக்கிளிப் கல்லூரியிற் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியை அடைந்து, 1900ஆம் ஆண்டில் புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் முதல் வகுப்பிற் தேறினார் குமாரசுவாமி.

கலையுலகம் அவரைக் கலைஞானியாகவே போற்றும். அவரது அறிவுக்கு முதற் கதவைத் திறந்ததோ கல்லுடைக்கும் சுத்தியல் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1903ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டு வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் பணிப்பாளராக அவர் கடமையாற்றினார். கண்டிக்கு அண்மையில் அம்பகோட்டையை அடுத்த கங்கப்பிட்டியிலிருந்து கிடைத்த நீலநிறக் கனிப்பொருள் ஒன்றைப் பிரையர் என்னும் ஆங்கில அறிஞரோடு சேர்ந்து 1903இல் உலகுக்கு அறிவித்தார். அராபியர் இத்தீவுக்கு இட்ட செரண்டிப் என்ற பெயரால் அது செரண்டிபைட்டு எனப்பட்டது. பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கல் மணலிடையே கிடந்த கரிய, கனத்த, சதுரமுகப் பளிங்குகளும் அவர் ஆய்வுக்கு உட்பட்டன. 1904இல் அது தோரியனைட்டு எனப் புதுக்கனிப்பொருளாக ஏற்கப்பட்டது. தோரியம் என்னும் கதிர்வீசும் மூலகம் அதில் மிகுந்திருந்தது. இவ்வாராய்ச்சிகள் 1906இல் அவருக்கு இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தை ஈட்டிக்கொடுத்தன.

கல்லைக் கற்பவன் நூலோடு நின்றுவிட முடியாது. அதனைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தல் வேண்டும். கீறிக் கடினம் பார்த்தல் வேண்டும். உடைத்து உள்முகம் காணுதல் வேண்டும். இவ்வாறு கையும் கண்ணும் அறிவும் ஒருங்கே உழைத்துப் பழகிய ஒருவர், ஆய்வின் பொருட்டுக் கண்டி நாட்டுக் கிராமங்களினூடே சென்றார். அங்கே அதே ஒருங்கிணைவை வேறொரு வடிவிற் கண்டு வியந்தார். பித்தளை வார்ப்போர், வெள்ளி வேலை செய்வோர், தந்தம் கடைவோர், விகாரைச் சுவரிற் சித்திரம் தீட்டுவோர், பாய் நெய்வோர் ஆகியோரே அவருக்கு ஆசிரியராயினர்.

கண்டி மன்னர் காலத்தில் இக்கைவினைஞருட் சிறந்தோர் பட்டல் ஹதர எனப்பட்ட நான்கு அரச பட்டறைகளில் அமர்ந்து தொழில் செய்தனர். தொழிலுக்கு ஈடாக நிலம் பெற்றனர். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானபின் அரசன் இல்லை. அரசன் இல்லாதபோது பட்டறையைப் புரப்போரும் அருகினர். குமாரசுவாமி வந்த நாளில் எஞ்சியிருந்தவை சில குடும்பங்களும் அவர்தம் கைகளில் உறைந்த நினைவும் மாத்திரமே.

அக்குடும்பங்களிற் பிள்ளைகள் கற்ற முறையை அவர் கூர்ந்து நோக்கினார். சித்திரக்காரர் வீட்டுச் சிறுவனுக்கு முதற் பாடம் வக தெக என்னும் இரட்டை வளைவு. அதனைக் கை தடுமாறாது வருமளவும் மீட்டும் மீட்டும் வரைதல் வேண்டும். அவ்வளைவிலிருந்து கொடி பிறக்கும்; கொடியிலிருந்து இலையும் பூவும் பிறக்கும்; ஈற்றில் விகாரையின் சுவர் முழுதும் அதன் விரிவேயாகும். பட்டறையில் அவன் காண்பதெல்லாம் மெய்யான வேலை. உண்மையில் ஒருவர் வாங்கவிருக்கும் செம்பும், உண்மையில் ஒரு கோயிலில் எரியவிருக்கும் விளக்குமே அவன் முன்னிலையில் உருவாகும். பயிற்சிக்கென்று செய்து பின் குப்பையில் எறியும் பொருள் அங்கு இல்லை. 1909இல் வெளிவந்த இந்தியக் கைவினைஞன் என்ற தம் நூலில், கைவினைஞனின் கல்வி பற்றித் தனி அத்தியாயமே அவர் எழுதியுள்ளார். தொழில் நுட்பமும், அழகுணர்வும், வழிபாடும், ஒழுக்கமும் தனித்தனிப் பாடங்களாகாது ஒரே உழைப்பினூடே பிள்ளையின் உள்ளத்திற் படிவதே அக்கல்வியின் உயிர்நிலை என்பது அவர் கருத்து.

அக்கைவினைஞரின் பிள்ளைகளே பள்ளிக்கூட வாங்குகளில் அமர்ந்தபோது நேர்ந்தது யாது? தந்தையின் கைவண்ணம் அங்கே கல்வியாகக் கணிக்கப்படவில்லை. சொந்த மொழிக்கு மதிப்பில்லை. சொந்தச் சித்திரத்துக்கு இடமில்லை. ஒரு தலைமுறை எழுத்தர் வேலையை நாடிச் செல்ல, நூற்றாண்டுகள் வளர்த்த கைத்திறன் ஒரு தலைமுறைக்குள் அற்றுப்போகும் நிலை எய்தியது. குமாரசுவாமி வாளாவிருந்தாரல்லர். 1905இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்று எழுதி, பண்டைக் கட்டடங்களையும் கலைமரபையும் பேணுமாறு வேண்டினார். 1906இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராகித் தாய்மொழிக் கல்விக்குக் குரல் கொடுத்தார். 1909இல் வெளியான தேசிய இலட்சியம் பற்றிய கட்டுரைகளிற் கல்வி, இசை, நினைவாற்றல் ஆகியன குறித்து விரிவாக எழுதினார். கையின் பெருமையைப் பேசியவர் மனப்பாடத்தை இகழவில்லை என்பதை ஆசிரியர்கள் கருத்திற் கொள்ளுதல் நன்று. நெஞ்சில் நிறுத்திய இதிகாசமும் விரலில் நிறுத்திய வளைவும் அவருக்கு ஒரே இனத்துச் செல்வங்கள்.

தாம் போதித்ததைத் தாமே செய்தும் காட்டினார். 1907இல் இங்கிலாந்து மீண்டு, புரோட் காம்ப்டன் என்ற சிற்றூரிற் பழைய தேவாலயமொன்றைத் திருத்தி இல்லமாக்கிக்கொண்டார். கண்டிக் கலைகளைப் பற்றிய மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலை வில்லியம் மொறிசு முன்னர் பயன்படுத்திய கையச்சுப் பொறியில், தம் மேற்பார்வையில், ஏறத்தாழப் பதினைந்து மாதம் உழைத்து 1908இல் அச்சிட்டு முடித்தார். பிரதிகள் 425 மாத்திரமே. அந்நூலுக்காகக் கண்டிக் கிராமங்களிற் புகைப்படங்கள் எடுத்தவர் அவருடைய மனைவியார் எதெல். அவ்வம்மையார் பிற்காலத்தில் எதெல் மெயறே என்ற பெயரோடு கைத்தறி நெசவிலும் இயற்கைச் சாயத்திலும் இங்கிலாந்தின் தலைசிறந்த ஆசிரியையாக விளங்கினார்.

குமாரசுவாமி 1917இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகர நுண்கலை நூதனசாலையிற் சேர்ந்து, 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆந் தேதி மறையும்வரை அங்கேயே பணிபுரிந்தார். அவர் வாழ்நாளிலேயே, 1937இல், காந்தியடிகள் வார்தாவில் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட ஆதாரக் கல்வியை முன்வைத்தார். கண்டிப் பட்டறையிற் குமாரசுவாமி கண்டது தனியொருவரின் கனவன்று என்பதற்கு இஃதோர் சான்று.

ஆயினும் ஒரு கேள்வியை நான் மறைத்துச் செல்லேன். அவர் போற்றிய பட்டறைக் கல்வி சாதி வழிக் கல்வி. கொல்லன் மகன் கொல்லனாகவே வேண்டும். நெய்வோர் வீட்டுப் பெண் விண்மீன்களை ஆராய விரும்பினால் அவளுக்கு அங்கு வழியில்லை. இக்குறையை அவர் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பதே என் எண்ணம். இதற்கு விடை அவர் எழுத்தில் அன்று, அவர் வாழ்விலேயே உளது. தந்தையின் பட்டறை என்று ஒன்று அவருக்கு வாய்க்கவில்லை. சட்டத்தரணியின் மகன் சுத்தியலை ஏந்தினான். சுத்தியலை ஏந்திய கை சித்திரத்தின் வளைவைத் தொட்டது. அவரது விருப்பமே அவருக்குக் குலமாயிற்று. மெய்ப்பொருளைத் தொட்டுக் கற்கும் முறையைப் பட்டறையிடமிருந்தும், விரும்பியதைக் கற்கும் உரிமையைப் பள்ளியிடமிருந்தும் பெற்று இரண்டனையும் இணைப்பதே நம் கடமை.

அதற்கு விலையுயர்ந்த கருவிப்பெட்டி வேண்டுவதில்லை. கண்டிப் பிள்ளைகளுக்கு மகாவலிக் கரையின் கூழாங்கல் உண்டு; பேராதனைப் பூங்காவின் மரங்கள் உண்டு; எம்பெக்க தேவாலயத்தின் செதுக்குத் தூண்கள் உண்டு; நத்தரம்பொத்தையில் இன்றும் உலோகத்தைத் தட்டும் கைவினைஞர் உளர். அக்கைவினைஞரைப் பாடசாலைக்கு அழைக்கும்போது, வேடிக்கை காட்ட வந்தவராகக் கருதி வாயிலோரத்தில் நிறுத்தாது, ஆசிரியர்க்குரிய நாற்காலியில் அமர்த்துதல் வேண்டும். அந்நாற்காலியை விட்டுக்கொடுக்க நாம் ஆயத்தமா என்பதே இன்று ஆசிரியராகிய நம்முன் உள்ள பரீட்சை.