கடற்றலைவர் சுப்ரேன்

அமெரிக்க நாட்டு விடுதலை வரலாற்றைக் கற்கும் நம் மாணாக்கருட் பலர், அப்போரின் இறுதிப் பெருங்கடற்சமர் நம் கடலூர்க் கரைக்கு எதிரே நிகழ்ந்ததென்பதை அறிந்திலர். அச்சமரை நடாத்திய பிரெஞ்சுக் கடற்றலைவர் சுப்ரேன் என்பாரது வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

இவர் 1729-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பிரான்சின் தென்பகுதியாகிய புரோவான்ஸில் உயர்குடியொன்றிற் பிறந்தார். இளம்பருவத்திலேயே கப்பற்படை புகுந்தார். 1747-லும் 1759-லும் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டும் ஊக்கங் குன்றிலர்.

1776 ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் சுதந்தர அறிக்கையை ஏற்றன. 1778 பிப்ரவரியில் பிரான்ஸ் அவற்றோடு நட்புடன்படிக்கை செய்துகொண்டது. அவ்வாண்டே சுப்ரேன் அமெரிக்கக் கரையில் நியூபோர்ட்டுத் துறையிற் புகுந்து, ஆங்கிலேயர் தம் போர்க்கப்பல்கள் சிலவற்றைத் தாமே எரித்துவிடும்படி செய்தார். அதற்குள் போர் நம் நாட்டையும் பற்றிற்று. ஆங்கிலேயர் 1778-ல் புதுச்சேரியையும் 1779-ல் மாகியையும் கைப்பற்றினர். மாகியைக் கவர்ந்தமைக்குச் சினந்த ஹைதர் அலி 1780-ல் கருநாடகத்தின்மேற் படையெடுத்தார்.

1781-ல் பிரான்சினின்று புறப்பட்ட சுப்ரேன், மறு ஆண்டு பிப்ரவரியில் இக்கடற்படையின் தலைமை எய்தினார். பரங்கிப்பேட்டையில் இறங்கிய பிரெஞ்சுப் படை ஏப்ரலிற் கடலூரைப் பிடித்தது. பழுதான கப்பல்களைச் செப்பஞ்செய்ய நல்ல துறைமுகமின்றியும், பாய்மரங்களும் உணவும் அரியவாகியும், அவர் போரைக் கைவிடவில்லை. சதுரங்கப்பட்டினம் முதலிய இடங்களில் ஆங்கிலக் கடற்றலைவர் ஹியூஸுடன் பன்முறை பொருதார், திரிகோணமலையையும் கைக்கொண்டார்.

1783 ஜூனில் ஆங்கிலப் படை கடலூரை முற்றுகையிட்டது. அம்மாதம் 13-ஆம் நாள் நிகழ்ந்த தரைப்போரில் இருதிறத்தும் பலர் மாண்டனர். 20-ஆம் நாள் சுப்ரேன் பதினைந்து கப்பல்களுடன் ஹியூஸின் பதினெட்டுக் கப்பல்களை எதிர்த்தார். ஏறக்குறைய இருநூறு பேர் உயிர்துறந்தனர். ஹியூஸ் சென்னைக்கு மீண்டார், கடலூர் காக்கப்பட்டது.

ஆயின், அவ்வாண்டு ஜனவரி 20-ஆம் நாளே இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்தின் முதலுடன்படிக்கையிற் கையெழுத்திட்டிருந்தன. செய்தி கடல்கடந்து கடலூரை எட்டியது ஜூன் மாத இறுதியிலேயே. முடிந்துவிட்ட போரின் பொருட்டே அத்துணை உயிர்களும் மடிந்தன. முடிவான உடன்படிக்கையின்படி கடலூர் மீட்டும் ஆங்கிலேயர் வசமாயிற்று. புதுச்சேரி பிரெஞ்சுக்காரரைச் சேர்ந்தது.

1784-ல் தாய்நாடு மீண்ட சுப்ரேனை அரசர் பெருஞ்சிறப்புடன் வரவேற்று உயர்பதவி நல்கினார். 1788 டிசம்பர் 8-ஆம் நாள் அவர் பாரிசிற் காலமானார். அமெரிக்கரின் அரசியற் சாசனம் நாடுகள் ஒன்பதின் இசைவு பெற்று உறுதியடைந்ததும் அவ்வாண்டிலேயே.

சுப்ரேனின் விடாமுயற்சி நாம் போற்றத்தக்கதே. எனினும் அவர் பொருதது தம் அரசரின் பொருட்டேயன்றி நம்மவர் உரிமைக்காக அன்று. கடலூர் முற்றுகையில் இருபக்கத்தும் நின்று மடிந்த சிப்பாய்களுட் பலர் இந்நாட்டினர். மக்கள் யாவரும் நிகரென முழங்கிய அறிக்கை எழுந்த போரில் அவர்கள் உயிர்நீத்தனர். ஆயினும் அவ்வறிக்கையின் பயன் அவர்தம் வழித்தோன்றல்களை எய்த 1947-ஆம் ஆண்டு வரவேண்டியதாயிற்று. குறிஞ்சிப்பாடியினின்றும் சிதம்பரத்தினின்றும் கடலூர் செல்லும் மாணாக்கர், அக்கடற்கரையில் நிற்கும்போது கடற்றலைவரை மட்டுமன்றிப் பெயரறியப்படாத அவ்வீரரையும் நினைவு கூர்வாராக.