தமிழில் உடற்கூறு தந்த கிரீன்

ஆங்கிலம் அறிந்தவர்க்கே மருத்துவம் என்னும் எண்ணம் நம்மவர் நெஞ்சில் ஆழ வேரூன்றியுள்ளது. ஆனால், மனித உடலின் எலும்பையும் தசையையும் தமிழிலேயே கற்று மருத்துவரான இளைஞர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்தில் இருந்தனர். அவர்களை உருவாக்கியவர் ஓர் அமெரிக்கர். அவரே டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822இல் பிறந்த கிரீன், நியூயார்க்கில் 1845இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். நோயாளியின் மொழி தெரியாமல் நோயை அறிய முடியுமா? எனவே தமிழை ஊன்றிக் கற்றார்.

முதலில் அவர் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்தினார். ஆனால் ஆங்கிலம் கற்றவர்கள் அரசாங்க வேலையை நாடி ஊரைவிட்டுச் சென்றனர். சிற்றூர் மக்களோ முன்போலவே மருத்துவரின்றித் தவித்தனர். இதைக் கண்ட கிரீன், தாயகம் சென்று 1862இல் திரும்பி வந்தபின், தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். மாணவர் வேட்டியைக் களைந்து காற்சட்டைக்கு மாறுவதைக்கூட அவர் விரும்பவில்லை.

துணிவு மட்டும் போதுமா? சொற்கள் வேண்டுமே! உடற்கூற்றில் மேல், கீழ் என்பதற்கே வரையறை தேவை. படுத்திருப்பவருக்கு மேலே இருப்பது மார்பா, தலையா? இக்குழப்பம் நேராதிருக்கவே, மனிதன் நிமிர்ந்து நின்று, முகமும் உள்ளங்கைகளும் முன்நோக்கியிருப்பதாகக் கொண்டு திசைகளைக் குறிக்கின்றனர். வலமும் இடமும் பார்ப்பவருடையவை அல்ல. அந்த உடலுக்கு உரியவை. சொல் பிசகினால் கத்தியும் பிசகும்.

கிரீன் முதலில் வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லைத் தேடினார். கிடைக்காதபோது வடமொழியை நாடினார். அதுவும் இயலாதபோது ஆங்கில ஒலியைத் தமிழாக்கினார். 'இரணவைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' என்னும் நூற்பெயர்களே இதற்குச் சான்று. மாணவர்களும் மொழிபெயர்ப்பில் தோள் கொடுத்தனர். அவரிடம் பயின்ற 60க்கும் மேற்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழி கற்றவர்கள்.

உடல் நலிந்து 1873இல் தாயகம் திரும்பிய பின்னும் தமிழ் நூற்பணியை அவர் விடவில்லை. 1884இல் மறைந்தார். தாம் தமிழர்களுக்கு மருத்துவத் தொண்டு செய்தவர் என்பதையே தம் கல்லறையில் பொறிக்கச் செய்தார்.

அவருக்குப் பின் அந்தத் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. ஆங்கிலமே மேலோங்கியது. ஆயினும் அறிவியல் தமிழ் அழிந்துவிடவில்லை. இன்று ஈழத்து மாணவன் 'இழையம்' என்பதை நாம் 'திசு' என்கிறோம்; அவன் 'கலம்' என்பதை நாம் 'செல்' என்கிறோம். சொல் இரண்டானாலும் பொருள் ஒன்றே. அவற்றைக் கூடிப் பேசி ஒன்றாக்குவது நம் தலைமுறையின் கடமையாகும்.

வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்முள் பலர். புரியாத சொல்லை உருப்போட்டுத் தேர்வெழுதும் துன்பம் நாம் அறியாததன்று. தமிழில் முடியுமா என்று இனியும் ஐயுறலாமா? மானிப்பாயில் முடிந்தது! ஆங்கிலமும் கற்போம்; ஆனால் கற்றதைத் தமிழில் எழுதி, நமக்குப் பின் வருவோர் கையில் கொடுப்போம்.